அச்சு வரும் முன்னே வெட்டியவன்

இந்த ஊரில் சனிக்கிழமை வந்தால் ஆட்கள் கெட்ட ரோட்டைத் தேடிப் போகிறார்கள். கல்கரியின் வீதிகளில் ஒரு குழி விழுந்தால் உடனே மாநகரசபைக்குத் தொலைபேசி எடுத்துச் சண்டை பிடிக்கிற அதே ஆட்கள், வார இறுதியில் மேற்கே மலைப்பக்கம் போய், பாறையும் சேறும் கிடக்கிற பாதையாகப் பார்த்து வாகனத்தை அதற்குள் விடுகிறார்கள். கவிழாமல் திரும்பி வந்தால் பெரிய சந்தோஷம். வந்து நாலு வருடமாகியும் எனக்கு இது பிடிபடவில்லை. யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் நான் பிறந்த கரம்பொனில் கெட்ட ரோட்டைத் தேடிப் போன ஒருவரையும் நான் கண்டதில்லை. அது வீட்டு வாசல் படலை வரைக்கும் தானாக வந்து நிற்கும்.

நான் இங்கே ஒரு கராஜில் மெக்கானிக். இந்தப் பங்குனியில் கிரெய்க் என்றொரு பல்வைத்தியர் தன் ஜப்பான் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒரு கீறல் இல்லாத வாகனம். அதன் முன்பகுதியை வெட்டி எறியச் சொன்னார். அந்த வகை ஜீப்பில் முன்சில்லுகள் இரண்டும் தனித்தனியே ஏறி இறங்கும். ரோட்டில் ஓட அது சுகம். பாறையில் ஏறுவதற்கு, ஒரு சில்லிலிருந்து மறு சில்லு வரை ஒரே இரும்பாகப் போகும் பழையகாலத்து முழு அச்சு வேண்டுமாம். இதை முன்பு செய்திருக்கிறாயா என்று கேட்டார். பாதி செய்திருக்கிறேன் என்றேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். எங்கே என்றார். ஒரு தீவில் என்றேன். "ஆகா, கடற்கரை, மணல்மேடு! கொடுத்துவைத்த ஆள் நீ" என்று தோளில் தட்டினார். அது எந்த மாதிரித் தீவு என்று சொல்வதற்கு என் ஆங்கிலமும் போதாது, அவருடைய மதியநேர இடைவேளையும் போதாது.

அதே கிழமைக்குள் பாரிசிலிருந்து குகன் தொலைபேசி எடுத்தான். எங்கள் ஊர்ப் பரமசிவம் அண்ணையின் ஒரே மகன். எண்பத்தாறிலேயே வெளிநாடு போனவன். யாரிடமோ என் நம்பரை வாங்கியிருந்தான். சுகம் விசாரித்தான், பிறகு நேரே விஷயத்துக்கு வந்தான்.

"யோகண்ணை, நீங்கள் கடைசி வரைக்கும் ஊரில நிண்டனீங்கள் எண்டு சொல்லுகினம். ஒண்டு கேக்கிறன். வீட்டில ஜீப் நிண்டது ஊருக்கே தெரியும். ஆமி வந்து சனமெல்லாம் நடந்து வெளிக்கிடேக்கை, அப்பா ஏன் அம்மாவை ஏத்திக்கொண்டு வெளிக்கிடேல்லை? காணி பூமியை விட மனமில்லாமலே இருந்தவர்?"

அவன் தொடர்ந்து சொன்னான்: "வருசா வருசம் அம்மாவுக்குத் திவசம் செய்யிறன். அப்பாவுக்குச் செய்ய மனம் வரேல்லை அண்ணை." வேலை நேரம், பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று ஞாயிற்றுக்கிழமை.

பரமசிவம் அண்ணை தபாற்கந்தோரில் வேலை பார்த்து இளைப்பாறியவர். அவருடைய மனைவி தவமணி அக்காவுக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. வலது காலும் கையும் இயங்காது. மாதம் ஒருமுறை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்காகவே அவர் கொழும்பில் ஒரு ஜப்பான் ஜீப் வாங்கி வந்தார். வாங்கியது அக்காவுக்கு, ஓடியது ஊருக்கு. பிள்ளைப்பேறு, பாம்புக்கடி, எதுவென்றாலும் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு அந்த ஜீப்தான். கூலி என்று ஒருவரிடமும் அவர் கைநீட்டியதில்லை. ஆனால் எங்கள் பாதைகளில் அதன் முன்பகுதி தாக்குப்பிடிக்கவில்லை. சில்லைத் தாங்கும் மூட்டுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போயின. புதுச் சாமான்கள் வடக்கே வருவது நின்றுபோன காலம். நான்தான் யோசனை சொன்னேன். பக்கத்துத் தீவான மண்டைதீவில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தின் வளவில் பழைய காலத்து ஜீப் ஒன்று உக்கிக் கிடந்தது. உடம்பு போனாலும் அதன் முன்னச்சு முழுசாக இருந்தது. அந்த அச்சை இதற்குப் பூட்டிவிட்டால் கொல்லன் பட்டறையிலேயே திருத்திக்கொள்ளலாம், பத்து வருடத்துக்குப் பார்க்கத் தேவையில்லை என்றேன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அண்ணையின் வீட்டு முன்விறாந்தையில் சோக்கட்டியால் முழு அளவில் படம் கீறினேன். சில்லுக்குச் சில்லு எவ்வளவு அகலம், வில்லுத்தகடு எந்த இடத்தில் உட்காரும், எஞ்சினிலிருந்து வரும் தண்டு அச்சின் எந்தப் பக்கத்தில் சேரும், ஸ்ரியறிங் தடி எதிலும் முட்டாமல் திரும்ப எவ்வளவு இடைவெளி வேண்டும், எல்லாவற்றையும் கீறினேன். மூன்று முறை மண்டைதீவுக்குப் போய் அச்சை அளந்து வந்தேன். படம் சரி. இன்றைக்கும் சொல்வேன், அந்தப் படத்தில் ஒரு பிழையும் இல்லை. அச்சை லொறியில் ஏற்றி அனுப்புகிறேன் என்று வீட்டுக்காரரும் சொல்லியிருந்தார்.

இதற்குள் பரமசிவம் அண்ணை பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டார். தொண்ணூறாம் ஆண்டு, ஆனி முடியக் கொஞ்ச நாட்களே இருந்தன. ஆடி பிறந்தால் எங்கள் பக்கத்தில் புதுவேலை தொடங்குவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

"யோகன், வெள்ளிக்கிழமை காலமை நல்ல நேரம் ஒண்டு இருக்கு. அதை விட்டால் ஆவணிதான். தொடங்கி வைப்பம்."

"அச்சு இன்னும் வரேல்லையே அண்ணை."

"பேருக்கு ஒரு கீறல் போட்டாக் காணும். மிச்சத்தை அச்சு வந்தாப்பிறகு பாப்பம்."

வெள்ளிக்கிழமை தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்தினார். தவமணி அக்காவைக் கதிரையில் இருத்தி வாசலுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். "பாத்து வெட்டும் தம்பி. எனக்கு இப்ப கால் அதுதான்" என்று சிரித்தார். இரும்பு வெட்டும் கேஸ் போத்தல் ஊர்காவற்றுறையில் இரவல் வாங்கியது. அடுத்த நாள் திருப்பிக் கொடுக்க வேண்டும். கையில் இருக்கும்போதே வெட்டி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். இது பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயம். உண்மை என்னவென்றால், பத்துப்பேர் கூடி நின்று பார்த்தார்கள். அவர்களுக்கு முன்னால் பேருக்கு ஒரு கீறல் போட்டுவிட்டு எழும்ப எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு பக்கத்துச் சில்லுத் தாங்கிகளையும் அடியோடு வெட்டி இறக்கினேன். மத்தியானத்துக்குள் ஜீப்பின் மூக்கு பனங்குற்றிகளில் நின்றது. அண்ணைக்கு முகம் ஒரு மாதிரிப் போனது. ஆனாலும் நல்ல நேரத்தில் செய்த வேலை என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

சண்டை அதற்கு முன்பே திரும்பத் தொடங்கியிருந்தது. அது யாழ்ப்பாணம் கோட்டையோடு நிற்கும் என்று நம்பினோம். அந்தக் கிழமையே மண்டைதீவுப் பாதையில் ஷெல் விழத் தொடங்கியது, லொறி ஓட்டம் நின்றது. நான் இரண்டு தரம் அல்லைப்பிட்டி வரை சைக்கிளில் போய்த் திரும்பி வந்தேன். வெட்டியதைத் திரும்ப ஒட்டவும் வழியில்லை. கேஸ் முடிந்துவிட்டது, கரண்டும் இல்லை. பரமசிவம் அண்ணை காலையும் பின்னேரமும் ஜீப்பண்டை வந்து, குனிந்து பார்த்துவிட்டுப் போவார். ஒருநாளாவது என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கல்கரியில் கிரெய்க்குக்குப் பொறுமை போய்விட்டது. அவர் சொல்லிவைத்த அச்சு வர இரண்டு கிழமை ஆகும். அதுவரை சும்மா நிற்காமல் பழையதை வெட்டி வை என்றார். அச்சு என் கண்முன் நிலத்தில் கிடக்க வேண்டும், அதற்கு முன் நட்டு ஒன்றைக்கூடக் கழற்றமாட்டேன் என்றேன். நான் தன்னை நம்பவில்லை என்று அவர் முதலாளியிடம் முறையிட்டார். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, மிகவும் மரியாதையாக, இது உங்கள் சமயத்தில் ஏதாவது கட்டுப்பாடா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. அன்றிலிருந்து வேலைக்கு நாள் குறிக்கும்போதெல்லாம், இது உனக்குத் தோதான நாளா என்று கேட்கிறார்.

ஆவணி பிறந்து சில நாட்களில் ஒரு காலை, ஆமி தீவுக்குள் இறங்கிவிட்டது என்று சனம் ஓடத் தொடங்கியது. வேலணைக் கரைக்குப் போனால் அங்கிருந்து அக்கரையில் அராலிப் பக்கம் வள்ளங்கள் ஓடுகின்றன என்றார்கள். நான் சைக்கிளோடு பரமசிவம் அண்ணையின் வீட்டுக்குப் போனேன். மாட்டுவண்டி ஒன்றும் ஊரில் மிஞ்சியிருக்கவில்லை. அக்காவைச் சைக்கிள் கரியரில் இருத்திக் கயிற்றால் கட்டிப் பார்த்தோம். இயங்காத பக்கம் சரிந்து சரிந்து விழுந்தது. படலை தாண்டுவதற்குள் இரண்டு தரம் விழுந்துவிட்டார். மூன்றாந்தரம் தூக்கும்போது அண்ணை என் கையைப் பிடித்தார்.

"காணும். அவளை நோகப் பண்ணாதையும். நீர் போம்."

"அண்ணை, நான் தோளில காவுறன். ஒருக்கா ஏலும்."

"கடக்கரை வரைக்கும் காவ உம்மாலை ஏலாது. போம் எண்டு சொல்லுறன். ரெண்டு நாளிலை அடங்கும். அச்சோடை வாரும்."

போனேன். மன்றாடிக்கொண்டு நின்றேன் என்று எழுத ஆசைதான். நிற்கவில்லை. ஷெல் சத்தம் கிட்ட வந்தது, சைக்கிளில் ஏறிப் போய்விட்டேன். அதற்குப் பிறகு அவர்கள் இருவரையும் கண்டவர் என்று ஒருவரும் இல்லை. அகதி முகாம்களில் விசாரித்தேன், வந்த சனத்திடமெல்லாம் கேட்டேன். பின்னர் ஊருக்குள் போய்வர அனுமதி கிடைத்த ஒருவர், வீடு கூரையில்லாமல் நிற்கிறது, ஆட்கள் இருந்த தடமே இல்லை என்று சொன்னார். ஜீப் மட்டும் பனங்குற்றியில் அப்படியே நின்றதாம்.

கிரெய்க்கின் அச்சு வந்தது. அளந்தேன், படம் கீறினேன், வெட்டினேன், பூட்டினேன். ஆறு நாளில் வேலை முடிந்தது. இவ்வளவுதான், வெறும் ஆறு நாள் வேலை. அன்று பின்னேரம் பாரிசுக்கு எடுத்தேன்.

"குகன், உம்மடை அப்பா வெளிக்கிட விரும்பினவர். ஜீப்பை ஓட ஏலாமல் வெட்டி வைச்சது நான். அவர் ஒரு கீறல் போடத்தான் சொன்னவர்." முழுவதையும் சொன்னேன், கயிற்றால் கட்டியது உட்பட.

"அப்ப, அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறதுக்குத்தான் நிண்டவர்?"

"ஓம்."

பிறகு, "இந்த முறை ரெண்டு பேருக்கும் திவசம் செய்யிறன்" என்றான். வைப்பதற்கு முன் நிதானமாகச் சொன்னான்: "அண்ணை, இனி நீங்கள் எனக்கு எடுக்க வேண்டாம்."

அடுத்த சனிக்கிழமை கிரெய்க் என்னை வீட்டில் வந்து ஏற்றிக்கொண்டு போனார். செய்தவன் பார்க்க வேண்டுமாம். மலைப்பாதையில் ஆளுயரப் பாறைகள். ஒரு சில்லு மேலே போக மற்றது கீழே இறங்க, ஜீப் நிதானமாக ஏறியது. எதிலும் முட்டவில்லை, எதுவும் முறியவில்லை. "பார்த்தாயா! எங்கே வேண்டுமானாலும் போகும்!" என்று அவர் குழந்தைமாதிரிக் கத்தினார். உண்மைதான், போகும். கரம்பொனிலிருந்து வேலணைக் கரைக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகும். பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கத் தாராளமாக இடம் இருந்தது. மலை ஏறி முடியும்வரை ஒரு கையால் முன்னே பிடித்துக்கொண்டு, மறு கையைப் பின் இருக்கையில் ஊன்றியபடியே இருந்தேன், குலுக்கலில் அங்கிருந்து ஒருவரும் சரிந்து விழுந்துவிடாதபடிக்கு.