எந்த ரூம்?

செய்தி காலை ஏழேகாலுக்கு வந்தது. இளவரசி செங்கத்தில், தான் வேலை பார்க்கும் பள்ளியின் வேனுக்காகத் தெருமுனையில் நின்றிருந்தாள். கைபேசியில் ஒரு கண்ணீர் அஞ்சலிப் படம். கறுப்புக் கட்டத்துக்குள் கலையரசனின் முகம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே தோற்றம், மறைவு. "நிலவறை" வாட்ஸ்அப் குழுவில், அவருடைய எண்ணிலிருந்தே வந்திருந்தது. அவள் சிரித்துவிட்டாள். உடனே எழுதினாள்: "எந்த ரூம்?" பக்கத்தில் கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மைகள் மூன்று.

கலையரசன் ஆலங்காயத்துக்காரர். தனியார் சர்வேயர் ஒருவரிடம் உதவியாளராக, மலையிலும் அடிவாரத்திலும் நிலம் அளந்து படம் போட்டுக்கொண்டிருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு வாணியம்பாடியில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில், இளவரசியும் சேர்த்து எட்டுப் பேர் கூடுவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு வேடம் எடுத்துப் பூமிக்கடியில் இருக்கும் அறைகளுக்குள் இறங்குவார்கள். கதவு திறக்குமா, கத்தி படுமா என்பதைப் பகடை சொல்லும். பழைய விதிகள்தான் கலையரசனுக்குப் பிடிக்கும். அவற்றில் இரக்கம் கிடையாது. பகடை தப்பாக விழுந்தால் ஆள் செத்தான், அவ்வளவுதான்.

அந்த ஆட்டத்துக்காக அவர் நடத்திய சிறு பத்திரிகைதான் "நிலவறை". பதினாறு பக்கம், ஜெராக்ஸ், நாற்பது பிரதி. வரைபடங்களை நிலப்படம் மாதிரியே போடுவார். கல் நட்ட இடம், வடக்குக் குறி, பரப்பு எல்லாம் இருக்கும். "பூதம் இருக்கும் அறை, இரண்டேகால் சென்ட்" என்று ஒரு முறை எழுதியிருந்தார். அந்தப் பூதத்துக்குப் பட்டா உண்டா என்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டுக் கேட்டார்.

கடைசிப் பக்கம் மட்டும் இளவரசியுடையது. ஆட்டத்தில் செத்தவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் போடலாம் என்பது அவளுடைய யோசனை. படம் குழுவில் வந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, எந்த ரூமில் செத்தான் என்பதுதான். ஒன்பதாம் இதழில் கலையரசன் எடுத்த வேடமான திருடன் ஒண்டிமுத்து செத்தபோது, போஸ்டருக்கு அவர் தன் முகத்தையே கொடுத்தார். இளவரசி கீழே ஒரு வரி எழுதினாள்: "பொறியில் விழுந்தார், புகழில் எழுந்தார்."

இப்போது வந்ததும் அதே கட்டம், அதே முகம், அதே வரி. பெயர் மாறியிருந்ததை அவள் கவனித்தாள். வேடத்துக்குத் தன் பெயரையே வைத்துவிட்டார் போல என்று நினைத்தாள். தேதியைப் பார்க்கவில்லை.

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "ஐசியூ ரூம் அக்கா. வேலூர்ல. காலைல நாலு மணிக்கு. ஹார்ட் அட்டாக். நான் நதியா, அவரு அண்ணன் பொண்ணு."

கேட்டதற்கு அந்தப் பெண் ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தாள். சித்தப்பாவின் லேப்டாப்பில் அவர் முகத்தோடு கிடைத்த ஒரே போஸ்டர் அதுதான். பெயரையும் தேதியையும் மாற்றி அனுப்பியிருந்தாள்.

இளவரசி தன் செய்தியை அழித்தாள். அழிக்கப்பட்டது என்ற வரியும், அதன் கீழே நதியாவின் பதிலும் நின்றன.

மத்தியானம் ஆலங்காயம் போய் இறங்கியபோது, கலையரசன் வீட்டுத் தெருமுனையில் அதே படம் ஃப்ளெக்ஸாக நின்றது. இரண்டு பேர் அண்ணாந்து படித்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா எழுதிக்கிறாங்க."

"பொறின்னா இன்னா?"

"ஆஸ்பத்திரியத்தான் சொல்றாங்க போல."

அன்று அவள் பெண்களோடு உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினாள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது கலையரசனின் மனைவி பாஞ்சாலையே வந்து கேட்டாள்.

"நீங்கதான் எந்த ரூமுன்னு கேட்டவங்களா?"

"ஆமாங்க. ஆட்டத்துல செத்துட்டாருன்னு நெனச்சிட்டேங்க."

"எனக்குப் புரியும். நடுவூட்ல ஒக்காந்து பூதத்துக்கு அளவு எடுத்த மனுசன்கூட பதினஞ்சு வருசம் இருந்தவ நானு. எங்க மாமாவுக்குத்தான் மனசு ஆறல. அவருகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

மாமா என்றது கலையரசனின் அண்ணன் தேவராஜை, நதியாவின் அப்பாவை. பந்தலில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார். இளவரசி சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"இன்னா ஆட்டம்மா அது, சீட்டா?"

"பகடைங்க. காசு வெக்கமாட்டோம்."

"கூத்துல நாட்டையே வெச்சுத் தோத்தானுங்களே, அதான் கேட்டேன். பொண்டாட்டி பேரு பாஞ்சாலை, நீ பகடை உருட்டிக்கினு கீறியேடான்னு அவனை ஓட்டுவேன்." லேசாகச் சிரித்தார்.

அவர் இன்னொரு நாற்காலியை மடக்கினார். "சிரிச்சது தெரியாமப் பண்ணது, வுடு. அத்த ஏன் அழிச்ச? நான் எதுனா தப்பாச் சொல்லிட்டனா நைனான்னு நாலு நாள் கேட்டுச்சு என் பொண்ணு. நான் இன்னான்னு சொல்றது?"

இளவரசி தன்னை மறைத்துக்கொள்ளும் அவசரத்தில், தான் கேட்ட கேள்வியை எடுத்துவிட்டு அந்தப் பெண்ணின் பதிலை மட்டும் குழுவில் தனியாக நிற்க வைத்திருந்தாள். அப்படி அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

நதியா பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ சரியாத்தான் சொன்ன நதியா. தப்பு என்னுது."

"அப்ப எதுக்குக்கா அழிச்சீங்க?"

"அசிங்கமா இருந்துச்சு."

நதியா கையை அலம்பினாள். "எனக்கும்தான்" என்றாள். பிறகு உள்ளே போய் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். பதினான்காம் இதழ், நாற்பது பிரதி. கலையரசன் மடித்து, ஸ்டேப்ளர் பின் அடித்து வைத்திருந்தார். விலாசம் மட்டும்தான் எழுத வேண்டும்.

பேருந்தில் ஒரு பிரதியைத் திருப்பிப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் ஆறாம் அறையில் செத்த ஒரு மந்திரவாதிக்கு அவள் எழுதிய கண்ணீர் அஞ்சலி, கீழே ஒரு வேடிக்கை வரி. இப்போது அதை அப்படியே அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. கிழித்தால் அட்டையும் சேர்ந்து வந்துவிடும்; இரண்டும் ஒரே தாள். அதனால் ஒவ்வொரு பிரதியிலும் அந்தப் பக்கத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி அனுப்புவது என்று முடிவு செய்தாள். குழுவில், தான் அழித்தது என்ன என்பதையும் எழுதிப் போட்டாள்.

இருபத்தொன்பது பிரதிகளுக்கு ஒட்டியாயிற்று. பதினொன்றுக்கு இன்னும் ஒட்ட வேண்டும்.