அளவுக்காரரின் மட்டைகள்

கோல்ஃப் கடையின் பின்னறையில் இருபத்தாறு வருடமாக மட்டை செய்பவரை எல்லோரும் 'அளவுக்காரர்' என்றே கூப்பிட்டார்கள். வருகிறவரை நிமிர்ந்து நிற்கச் சொல்வார். மணிக்கட்டிலிருந்து தரைவரை அளந்து, அதற்கேற்பத் தண்டை அறுத்து, கைக்குத் தக்கபடி பிடியை மாட்டிக் கொடுப்பார். மனைவி இறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் நகரவே மறுத்தன. தனக்கும் ஒரு செட் செய்துகொண்டால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது.

அளவெடுக்கும்போது சிக்கல் வந்தது. டேப்பைப் பார்க்கக் குனிந்தால் மணிக்கட்டும் கூடவே இறங்கியது. மூன்று முறை எடுத்ததில் மூன்று அளவு. கடைசியில், கடையைப் பெருக்க வரும் பெண்ணைத் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டார்.

"இந்த டேப்பைக் கொஞ்சம் புடிக்கிறீங்களாம்மா?"

அவள் துடைப்பத்தை வைத்துவிட்டு வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நேரா நில்லுங்கண்ணே. குனியாதீங்க."

"சரிம்மா."

ஆஸ்பத்திரியில் மனைவியின் பிடி விட்டுப்போன பிறகு அந்தக் கையை யாரும் பிடித்ததில்லை.

"முப்பத்தி மூணரை இஞ்சு" என்றாள் அவள்.

இரண்டு வாரத்தில் செட்டின் ஏழு மட்டைகளும் தயாராயின. ஞாயிறு காலை பயிற்சி மைதானத்தில் முதல் பந்தை அடித்தார். கோடு போட்டாற்போல் நேராகப் போயிற்று. "பாத்தியா!" என்று திரும்பினார். பின்னால் யாருமில்லை. அதற்குமேல் அடிக்க மனமில்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

மறுநாள் கடையில், பெருக்க வந்தவளிடம், "பந்து நேராப் போச்சும்மா" என்றார்.

"பின்னே? அளந்தது யாரு!"

சிரித்துக்கொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் அடுத்த அறைக்குப் போனாள்.