வெர்லின் வண்டியின் பின்சுவர்

வெர்லின் ஸ்ட்ராடின் டிரெய்லர் வீட்டில், பின்ஜன்னலின் கீழ்மூலையையொட்டிச் சுவரில் விரிசல் விட்டது ஜனவரியில். வெர்லின் அந்த விரிசலுக்குள் சிலிகோன் பசையைப் பிதுக்கிவிட்டு, தான் சுற்றிய மாநிலங்களைக் காட்டும் வரைபட ஸ்டிக்கரை மேலே ஒட்டிவிட்டார். எங்கள் குவார்ட்ஸைட் பாலைவன முகாமில் பாதி வண்டிகளில் அந்த வரைபடம் எதையோ மறைத்துக்கொண்டுதான் இருக்கிறது. பிப்ரவரியில் அவருடைய விரிசல் வரைபடத்துக் கலிஃபோர்னியாவைத் தாண்டிக் கடலுக்குள் போயிருந்தது.

நான் பக்கத்து வண்டிக்காரி. முதியோர் இல்லங்களில் பராமரிப்பு உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வெர்லின் என்னை நர்ஸம்மா என்பார். திருத்திப் பார்த்து விட்டுவிட்டேன்.

அவர் ஐடஹோவில் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். மனைவி இறந்ததும் வீட்டை விற்று இந்த வண்டியை வாங்கினார். குளிருக்கு அரிசோனா, வெயில் ஏறினால் ஓரிகன். ஏப்ரலுக்குப் பிறகு இந்தப் பாலைவனத்தில் எழுபத்தெட்டு வயதுக்காரர் வண்டிக்குள் கிடக்க முடியாது. ஒன்று, வண்டி வடக்கே போக வேண்டும். அது முடியாவிட்டால் அவர் பேக்கர்ஸ்ஃபீல்டில் மகள் டார்லாவின் வீட்டுக்குப் போக வேண்டும். டார்லா தொலைபேசியில் கறாராகச் சொல்லிவிட்டாள்: "மறுபடி ஒழுகுச்சுன்னா வண்டியை வித்துடுங்கப்பா. ரூம் ரெடியா இருக்கு."

"தங்கமான பொண்ணு," என்றார் என்னிடம். "எட்டரைக்கெல்லாம் வெளக்கை அணைச்சிடுவா."

மறுநாள் அவர் கதவைத் தட்டினேன்.

"செவுத்தைப் பாக்க வந்தீங்களா, என்னைப் பாக்கவா?"

"ரெண்டுல எது மோசமோ அதை."

ஸ்டிக்கரை உரித்துவிட்டுக் கட்டைவிரலால் அழுத்தினேன். சுவர் அமுங்கியது. ஃபைபர் தகட்டுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய பலகை ஊறிப்போயிருந்தது.

"புண்ணைக் கழுவாமலே கட்டுப் போட்டிருக்கீங்க," என்றேன். "சிலிகோன் இருக்கற எடத்துல வேற எதுவும் ஒட்டாது. மொதல்ல அதைச் சொரண்டுங்க."

சுரண்டினார். உள்பக்கத்தைத் திறந்து, மின்விசிறி வைத்துப் பலகையைக் காயவைத்தோம். மக்கின இடத்தை வெட்டிப் புதுப்பலகை வைத்தார். விரிசல் மேற்கொண்டு ஓடாமலிருக்க அதன் முனையில் சின்னதாகத் துளையிட்டார். அசிட்டோனால் துடைத்து, ஃபைபர் துணியை ரெசினில் நனைத்து ஒட்டி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை பூசினார். பேருந்தைத் தானே பழுது பார்த்த கை. வேலை சுத்தமாகவே இருந்தது.

மார்ச்சில் வண்டியைப் பிக்கப் லாரியில் பூட்டி பிளைத் ஊர்வரை இழுத்துப் பார்த்தார். திரும்பி வந்தபோது துளைக்கு அந்தப் பக்கம் புது விரிசல்.

வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "டார்லாகிட்ட சொல்லிடறேன்."

"இருங்க. பின்பக்கம் என்ன வெச்சிருக்கீங்க?"

"படுக்கை."

"படுக்கைக்கு அடியில?"

"கொஞ்சம் கல்லு."

படுக்கைப்புண் பார்த்துப் பழகியவளுக்கு முதலில் எழும் கேள்வி, எது அழுத்துகிறது என்பதுதான். களிம்பெல்லாம் அப்புறம். படுக்கைப் பலகையைத் தூக்கினேன். பெட்டி முழுக்கக் கற்கள், ஒவ்வொன்றும் ஒரு பழைய காலுறைக்குள். அகேட் என்ற வண்ணக்கல், கல்லாகிப்போன மரம், உள்ளே படிகம் இருக்கலாம் என்று பொறுக்கிய உருண்டைகள். சக்கரங்களுக்குப் பின்னால் அவ்வளவு பாரம் தொங்கினால், ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியின் அடிச்சட்டம் வளையும். சட்டம் வளைந்தால் சுவர் கிழியும்.

"இதுல எத்தனையை வெட்டிப் பாத்திருக்கீங்க?"

"ஒண்ணுகூட இல்ல."

"அப்பறம் எதுக்கு வெர்லின்?"

"வெட்டலேன்னா எல்லாமே நல்ல கல்லுதானே நர்ஸம்மா."

"இதுங்க இங்கயே இருக்கட்டும், நீங்க டார்லா வீட்டுக்குப் போங்க. இல்ல, இதுங்க எறங்கட்டும், நீங்க ஓரிகன் போங்க. ரெண்டையும் இந்தச் செவுரு தாங்காது."

மாலையில் பாதையோரம் மடக்குமேஜையைப் போட்டு, கற்களை அடுக்கி, 'இலவசம்' என்று அட்டையில் எழுதி வைத்தார். குவார்ட்ஸைட்டில் யாருக்கும் கல் பஞ்சமில்லை. அவரவர் படுக்கைக்கு அடியிலும் இதே கதைதான். மறுநாள் காலையில் மேஜையில் கற்கள் குறையவில்லை, கூடியிருந்தன. யார் யாரோ தங்கள் பாரத்தையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"பாருங்க," என்றார். "சொத்து பெருகுது."

கடைசியில் எல்லாவற்றையும் பிக்கப்பில் ஏற்றி, வறண்ட ஓடையில் கொட்டிவிட்டு வந்தார். காலுறைகளைத் துவைத்துக் கொடியில் போட்டார். ஒன்றிரண்டை எங்காவது ஒளித்து வைத்தாரா என்று நான் கேட்கவில்லை. ஒன்றிரண்டில் சட்டம் வளையாது.

சுவரை மறுபடி ஒட்டி, மறுபடி பிளைத்வரை இழுத்துப் பார்த்தார். பிடித்து நின்றது. ஏப்ரல் முதல் வாரம் கிளம்பினார். பூசிய வெள்ளை பழைய வெள்ளையோடு சேரவில்லை. பின்னாலிருந்து பார்க்க பிளாஸ்திரி போட்டது போலிருந்தது.

மே மாதம் ஓரிகனிலிருந்து கூப்பிட்டார்.

"ரெண்டு நாளா விடாத மழை. உள்பக்கம் கையை வெச்சுப் பாத்தேன்."

"என்ன?"

"காய்ஞ்சிருக்கு."

"டார்லாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். சரிப்பான்னா."

"அடுத்த மழைக்கும் கையை வெச்சுப் பாருங்க," என்று சொல்லிவிட்டு வைத்தேன்.