தெருமுனைப் பெட்டிக்கு ஒரு பேட்டரி

கணவர் போன பிறகு அவள் வேலைக்குத் திரும்பிய அன்று, அலுவலகத்தில் எல்லோருக்கும் திடீரென்று கம்ப்யூட்டரில் அவசர வேலை வந்துவிட்டது. அவளிடம் என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது தெருவில் கரன்ட் இல்லை. அந்த வீட்டுக்குள் டவர் கிடைக்காது. வைஃபை இருந்தால்தான் போன் பேசும். இன்வர்ட்டர் தயவில் வைஃபை பெட்டி எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதற்கு இணைப்பு தரும் தெருமுனை இரும்புப் பெட்டியில், உள்ளே இருந்த பேட்டரி கையை விரித்துவிட்டது. அந்தப் பெட்டிகளைப் பராமரிப்பது அவள் வேலை பார்க்கும் கம்பெனி. ஆம்புலன்சுக்குப் போன் போயிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்றுதான் டாக்டர் சொன்னார். அவளும் தலையாட்டினாள்.

பெட்டிகளுக்குப் புதிய பேட்டரி தேர்ந்தெடுக்கும் வேலையை வேறொருவரிடம் தருவதாக மேலாளர் சொன்னார். வேண்டாம், நானே பார்க்கிறேன் என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதும் இதுவும் ஒன்றுதான்.

மேற்கு பார்த்த ஒரு பெட்டியில் பழைய வகை ஈய பேட்டரியையும், பக்கத்துப் பெட்டியில் லித்தியம் பேட்டரியையும் வைத்தாள். கோடை முழுவதும் கம்பெனி எலக்ட்ரீஷியனோடு போய்ப் பார்த்துவந்தாள். மதியத்தில் கதவைத் திறந்தால் அடுப்புக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் அனல் அடிக்கும். ஈய பேட்டரி இடத்தை அடைத்துக்கொண்டு காற்றுக்கு வழி விடவில்லை. போகப் போக, சார்ஜ் நிறைந்திருக்கிறது என்று காட்டும். கரன்டை நிறுத்திப் பார்த்தால் கொஞ்ச நேரத்தில் படுத்துவிடும்.

ஒருநாள் அது பக்கவாட்டில் உப்பிக் கிடந்தது. அவள் கையுறை போடாமலே விரல் வைத்துத் தடவிப் பார்த்தாள். கசிந்திருந்த அமிலம் விரல்களில் ஒட்டியது. தோல் வெளுப்பதை அவள் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டு நின்றாள். எலக்ட்ரீஷியன்தான் அவள் கையைப் பிடித்திழுத்துத் தண்ணீரை ஊற்றினார்.

"எரியலையா மேடம்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எரியுதுன்னுதான் நினைக்கிறேன்."

அவர் பாட்டில் காலியாகும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தார்.

துணைக்கு வந்து தங்கியிருந்த தங்கை சாயங்காலம் விரல்களில் போட்டிருந்த கட்டை அவிழ்த்து மருந்து போட்டாள். போட்டுக்கொண்டே அழுதாள்.

"அக்கா, நீ ஒரு தடவையாவது அழுதிருக்கலாம்."

"வரல. வந்தா அழமாட்டேனா?" என்றாள் அக்கா. பிறகு, கட்டு இறுக்கமாக இருக்கிறது, கொஞ்சம் தளர்த்து என்றாள்.

கோடையைத் தாங்கிய லித்தியத்தையே வாங்கலாம் என்று அலுவலகக் கூட்டத்தில் அவள் சொன்னாள். அது தீப்பிடிக்காதா என்று மேலாளர் கேட்டார். போனில் இருக்கும் வகை வேறு, இது சூட்டைத் தாங்கும் வகை, அளவு மீறினால் தானே துண்டித்துக்கொள்ளும் என்று விளக்கினாள். எடையும் குறைவு, பெட்டிக்குள் காற்றாட இடமும் இருக்கும். எவ்வளவு நேரம் தாங்கினால் போதும் என்ற பேச்சு வந்தபோது, ஒருவர், கொஞ்ச நேரம் நெட் இல்லாவிட்டால் குடியா முழுகிப்போகும் என்று சிரித்தார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவளுக்குக் கோபம் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவளும் காத்திருந்தாள். வரவில்லை.

"இங்க கரன்ட் போனா வர்றதுக்கு அரை நாள் ஆகுது. அவ்வளவு நேரம் தாங்கணும். அதுக்குக் குறைஞ்சு வாங்குறதுன்னா, வாங்கவே வேணாம்" என்றாள்.

அப்படியே முடிவாயிற்று. தெருத் தெருவாகப் பெட்டிகளில் பேட்டரியை மாற்றினார்கள். அவள் தெருவுக்கு முறை கடைசியில்தான் வந்தது. முன்னால் போடச் சொல்லி அவள் கேட்கவில்லை. அன்றும் எலக்ட்ரீஷியனோடு அவளே போனாள். பழையதை அவர் தூக்கிக் கம்பெனி வண்டியில் போட்டார். புதியதை மாட்டி, கரன்டை நிறுத்திப் பார்த்தாள். பெட்டிக்குள் விளக்குகள் அணையவில்லை. தெருவில் எவர் வீட்டிலும் எதுவும் தெரிந்திருக்காது.

அடுத்த தெரு எது என்று எலக்ட்ரீஷியன் கேட்டார். இதுதான் கடைசி என்றாள். அவர் பக்கத்துக் கடைக்குச் சாப்பிட நடந்தார். அவள் கதவைப் பூட்டிவிட்டு, வீடு நான்கு எட்டில் இருக்க, வண்டியிலேயே ஏறி அலுவலகத்துக்குப் போனாள்.