வசன நம்பர் நாலு

நாங்க பனியன் கம்பெனிக்காரங்க. சரக்கு வாங்கற பையர் எதைக் கேட்டாலும் முதல்ல "நோ ப்ராப்ளம் சார்"னு சொல்லிடுவோம், அது என்னன்னு அப்புறமாத்தான் விசாரிப்போம். பதினாறு வருசமா ஆர்டர் வாங்கி முடிச்சு அனுப்பற மெர்ச்சண்டைசரா இருக்கற எனக்கு அந்தப் புத்தி ரத்தத்துல ஊறிப் போச்சு.

அந்த ஆர்டர் மொத்தமே அறுபது பீஸ். வெளிநாட்டுல இருக்கற ஒருத்தரோட அம்மா இறந்துட்டாங்க. நினைவு ஜெபத்துக்கு வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் போட்டுக்க டீ-ஷர்ட் வேணும்னார். நெஞ்சுல ஒரே வரி: "அம்மா, நாங்க உங்களை மறக்கலை." அந்தம்மா வீட்டுல ஜெபம் பண்ணினது இயேசு பேசின அரமேய பாஷையிலயாம். அதுலயே போடணும், தனக்கு எழுதத் தெரியாது, உங்களால முடியுமான்னு கேட்டிருந்தார். நோ ப்ராப்ளம்னுட்டேன்.

ஆன்லைன்ல இலவசமா மொழிபெயர்க்கற பக்கம் ஒண்ணு கிடைச்சுது. அவர் அனுப்பின ஆர்டர் ஷீட்ல பிரிண்ட்னு போட்ட கட்டத்துல இருந்த இங்கிலீஷை அப்படியே காப்பி எடுத்துப் போட்டேன். கண்ணிமைக்கறதுக்குள்ள மூணு வரி வந்து விழுந்துச்சு. பார்க்க அவ்வளவு லட்சணமா இருந்துச்சு.

சாம்பிள் அடிச்சப்ப பிரிண்டிங் மாஸ்டர், "ஏனுங்கக்கா, நடுவுல 4னு ஒரு நம்பர் இருக்குதுங்களே?"ன்னு கேட்டார். அவர் ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவர். நான் பெரிய மேதாவியாட்ட, "பைபிள் வசன நம்பரா இருக்குமுங்க"ன்னேன். "ஆமாமா, இருக்கும்"னு அவரும் தலையாட்டிட்டார். போட்டோ அனுப்பினேன். பையர்கிட்ட இருந்து "அப்ரூவ்டு, ரொம்ப அழகா இருக்கு"ன்னு பதில் வந்துச்சு. எங்க ஊர்ல அந்த ஒரு வார்த்தை வந்துட்டா அப்புறம் யாரும் எதையும் திரும்பிப் பார்க்க மாட்டோம். அறுபதும் அடிச்சாச்சு.

பேக்கிங் அன்னிக்குத்தான் அளவு சரி பார்க்க அந்த ஷீட்டை எடுத்தேன். பிரிண்ட் கட்டத்துல, அம்மாவுக்கான வரிக்குக் கீழயே எழுதியிருந்துச்சு: சென்டர் செஸ்ட், கழுத்துல இருந்து 4 இன்ச் கீழே, வெள்ளைக் கலர்.

அட கெரகமே! அதையும் சேர்த்தே மொழிபெயர்த்து அடிச்சிருக்கேன். செத்துப் போன அம்மாகிட்ட அறுபது பேர் நெஞ்சுல கைவெச்சு நாலு இன்ச் கீழேன்னு சொல்லப் போறாங்க.

ஓடிப் போய் ஓனர்கிட்டச் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கலை. "அப்ரூவல்தான் இருக்குதுல்லங்க அம்மிணி, அனுப்பி விடுங்க. அதை எவன் படிக்கப் போறான்?"

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துடுச்சு. "உங்கம்மா சமாதியில எவனோ அளவெழுதி வெச்சா விடுவீங்களா?"ன்னு கேட்டுட்டேன். அவர் அப்பத்தான் நிமிர்ந்து பார்த்தார். "ஜெபத்துக்கு இன்னும் நாளிருக்குதா? போன் பண்ணுங்க, வேற பீஸ் அடிச்சுக் குடுத்துடலாம்"னார்.

போன்ல பையர்கிட்ட எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல எல்லாத்தையும் ஒப்பிச்சேன். வசன நம்பர் கதையையும் மறைக்கலை. திட்டுவார்னு காத்திருந்தேன், திட்டலை.

"அந்தப் போட்டோவை நான் நாள் பூரா பார்த்துட்டு இருந்தேன்"னார். "எனக்குப் படிக்கத் தெரியாது. வீட்டுல படிக்கத் தெரிஞ்சது அம்மா ஒருத்தர்தான்."

அப்புறம் கேட்டார்: "முதல் வரியாவது சரியா இருக்கா?"

அறுபது தடவை அதை அடிச்சவ நான். "தெரியலீங்க சார்"னேன். வேற என்னத்தைச் சொல்றது?



"அப்படின்னா இங்கிலீஷ்லயே போட்டுடுங்க. அம்மா எத்தனையோ தடவை அந்த பாஷையைச் சொல்லித் தர வந்தாங்க. எனக்குத்தான் நேரமில்லாமப் போச்சு"ன்னார்.