தூக்குவாளியில் வெட்டிய மந்திரம்

நான் எழுதும் மாயக்கதையில், மந்திரக்குறி செதுக்கிய பொருள் எங்கே போனாலும் உரியவரிடம் திரும்பிவிடும். சோதித்துப் பார்க்க, புதுத் தூக்குவாளியோடு ஒத்தக்கடை ஊரில் இருக்கும் பாத்திரக்கடைக்குப் போனேன். பேர் வெட்டும் அண்ணன் நான் வரைந்து வந்த குறியைப் பார்த்தார்.

"எதுக்கும்மா இம்புட்டு வளைவு? பேரை வெட்டுனாலே வாளி வீடு வந்துருமே."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "வரைஞ்சபடி வெட்டுங்கண்ணே."

எதிர்வீட்டுக்கு அதில் பாயசம் கொடுத்தேன். அவர்கள் அதிலேயே குழம்பு ஊற்றி யாருக்கோ கொடுக்க, வாளி போனது போனதுதான். பத்தாம் நாள், அந்த வாளி நிறைய அதிரசத்தோடு முன்பின் தெரியாத ஒரு பெண் வாசலில் நின்றாள். மந்திரம் பலித்துவிட்டதென்று துள்ளினேன்.

"எப்படி இங்க வந்தீங்க?"

"தெருவெல்லாம் இந்தக் குறியைக் காட்டிக் கேட்டேன்க்கா. இப்படிக் கிறுக்குற ஆளு நீங்க ஒருத்தருதானாம்ல!"