கிரீடக்காரர் சொன்ன பத்தியம்

கம்பவுண்டர் உத்தியோகத்தில் மருந்து கலக்குவது கால்வாசிதான்; மீதி முக்கால்வாசி, வேறு யாரோ கொடுத்த யோசனையை ஜனங்களின் வயிற்றிலிருந்து இறக்குவது. மருந்துப் புட்டிகளுக்குப் பின்னால் நின்ற யாருக்கும் இது தெரியும். வெள்ளைக்காரத் துரை காலத்தில், ஏற்காட்டு மலையில், நாகலூர்ப் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் நின்ற எனக்கு நன்றாகவே தெரியும். டாக்டர் எப்போதாவதுதான் மலையேறி வருவார். மற்ற நாளெல்லாம் டாக்டர், நர்ஸ், பஞ்சாயத்துக்காரர் எல்லாம் நான்தான். ஒரே ஒரு பறிப்பு சீசனில் மட்டும் எனக்குப் போட்டியாக ஒருவர் வந்து சேர்ந்தார். அந்த சீசனில் நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன். படிக்கிறவர்களில் கம்பவுண்டர் யாராவது இருந்தால் எனக்காக ஒரு பெருமூச்சு விடுங்கள், போதும்.

பாட்டு இல்லை, பேச்சு உண்டு

எஸ்டேட்டில் காலியாகக் கிடந்த கீழ் பங்களாவை எங்கள் துரை வாடகைக்கு விடுவார். அந்த வருஷம் அதற்கு வந்தவர் ஒரு பெரிய நடிகர். பேர் வேண்டாம். நாடக மேடையிலும், அப்போது புதிதாக வந்த பேசும் படத்திலும் ராஜா வேஷம் கட்டியே பேர் வாங்கியவர். எங்கள் ஜனங்கள் அவருக்குக் கிரீடக்காரர் என்று பேர் வைத்துவிட்டார்கள். தொண்டை கட்டிப்போனதால் கொஞ்ச நாள் மலையில் இருக்க வேண்டும், பாடவே கூடாது என்று சேலத்து டாக்டர் சொல்லியிருந்தாராம். பேசக் கூடாது என்று சொல்ல மறந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கூலி வீடுகளான லயத்திலிருந்து ஜனம் முழுக்கப் பங்களா வாசலில் கூடிவிட்டது. ஒரு பாட்டாவது பாடுவார் என்று ஆசை. அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு வந்து, மாமிசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஆடு, கோழி, கருவாடு எல்லாவற்றையும் விட்ட பிறகுதான் தனக்குக் குரலே வந்தது என்றார். மண்ணில் முளைப்பது மனிதனுக்குப் போதும் என்றார். சட்டைக் கையைக் கொஞ்சம் தூக்கிப் புஜத்தையும் காட்டினார். நல்ல புஜம்தான், பொய் சொல்லக் கூடாது. திரும்பி வரும்போது, பறிப்பில் எல்லோருக்கும் முன்னால் நிற்கும் பாவாயி என் பக்கத்தில் நடந்து வந்தாள்.

"ஏனுங்க கம்பவுண்டரய்யா, பாட்டுத்தான் பாட முடியில. அதுக்கு நம்ம சோத்து மேல என்னுங்க கோவம் அவுருக்கு?"

ரைட்டரின் குரல்

எங்கள் எஸ்டேட்டில் ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் அல்ல, ஆள் கணக்கு எழுதுகிறவர். பேர் அருணாசலம். அவருக்கு நாடகத்தில் சேர வேண்டும் என்று ரகசிய ஆசை. ரகசியம் என்றால் நாகலூர் முழுக்கத் தெரிந்த ரகசியம். கிரீடக்காரர் பேசிய மறுநாளிலிருந்து மனிதர் அடுப்பையே மூடிவிட்டார். நெருப்பில் வேக வைத்தால் காயின் உயிர் போய்விடுகிறது என்று பேச்சுக்கு நடுவில் ஒரு வார்த்தை வந்ததாம். பச்சைப் பூசணி, பச்சைக் கத்தரிக்காய், பச்சைக் கீரை என்று ஆடு போல மேய்ந்திருக்கிறார்.

வியாழக்கிழமை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து பெஞ்சில் சுருண்டார். ஓமத் தண்ணீர் கொடுத்தேன், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன், கொஞ்சம் திட்டும் கொடுத்தேன். கத்தரிக்காயைப் பச்சையாகத் தின்ன யாராவது சொல்வார்களா என்று கேட்டேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. முகம் வியர்த்துக் கொட்ட, தலையை மட்டும் தூக்கிக் கேட்டார்.

"வலி கெடக்குதுங்க. கொரலு கொஞ்சம் தெறந்திருக்குதா, அதச் சொல்லுங்க."

பனை மரத்துப் பத்தியம்

பாவாயியின் புருஷன் மாரிமுத்து ஒரு சாயங்காலம் இரண்டு பக்கத்துச் சுவரையும் அளந்துகொண்டு மருந்துக் கட்டிடத்துக்குள் நுழைந்தான். முழங்காலில் சிராய்ப்பு. டிஞ்சர் வைத்துக்கொண்டே, இவ்வளவு கள் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கிரீடக்காரர் சொன்னதை எஸ்டேட்டிலேயே ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறவன் தான் ஒருவன்தான் என்றும், கருவாட்டைக் கையால்கூடத் தொடவில்லை என்றும், மண்ணில் முளைத்ததைத் தவிர வேறு எதுவும் வாயில் படவில்லை என்றும் சத்தியம் செய்தான்.

"பனை மரந்தானுங்களே சாமி. ஆடுங்களா அது?"

சாட்சி

வாழவந்தியிலிருந்து சடையன் என்கிற விவசாயி சாமையும் அவரைக்காயும் ஆரஞ்சும் கொண்டுவந்து பங்களாவில் விற்பார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும், கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்காது. தொண்டைக்குப் பூச்சு போட நான் போயிருந்த சமயம், கிரீடக்காரர் அவரைப் பிடித்து வைத்துக்கொண்டு என்ன சாப்பிடுகிறீர் என்று விசாரித்தார். சாமைச்சோறு, ராகிக்களி, அவரைக்குழம்பு, கீரை, தேன் என்று சடையன் அடுக்கினார். நடிகருக்கு ஒரே குதூகலம். நான் சொன்னதற்கு இதோ சாட்சி, பார்த்தீரா கம்பவுண்டர் என்று என் முதுகில் ஒரு போடு போட்டார். மருந்து பாதி என் சட்டையில்.

சாட்சியை அத்தோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. மாமிசத்தை எப்போது விட்டீர் என்று ஆசையாகக் கேட்டார். சடையன் கூடையைத் தூக்கிக்கொண்டே பதில் சொன்னார்.

"நானெங்கீங்க உட்டேன்? காட்டுப்பன்னிதான் என்னைய உட்டுப்போட்டு ஓடுது."

துரையின் யோசனை

இதுவரைக்கும் எல்லாம் சிரிப்புத்தான். இனிமேல்தான் நான் பட்ட பாடு.

பறிப்பு முடிந்ததும் எஸ்டேட் செலவில் முனியப்பனுக்குக் கிடா வெட்டி, காப்பி காயப்போடும் களத்திலேயே சமைத்துப் பந்தி போடுவது எங்கள் வழக்கம். வருஷம் முழுக்கக் களியும் கீரையும் கொஞ்சம் கருவாடும் தின்று, அட்டைக் கடியும் குளிருமாகப் பழம் பறிக்கிற ஜனத்துக்கு வயிறு நிறையக் கறி கிடைப்பது அன்று ஒரு நாள்தான். கீழே ஊருக்குக் கல்யாணத்துக்குப் போனவர்கள்கூட அந்த நாளுக்குள் மலையேறி வந்துவிடுவார்கள். எனக்கும் அந்தப் பந்தி உயிர். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

துரை கெட்டவர் அல்ல. ஆனால் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். கிரீடக்காரர் பேச்சு அவர் காதுக்கு எட்டியதும் முகம் மலர்ந்துவிட்டது. என்னைத் தன் பங்களாவுக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதுமே எனக்குப் பயம் பிடித்தது. இவ்வளவு பெரிய மனிதர் சொல்கிறார், ஆகையால் இந்த வருஷம் கிடா வேண்டாம், பூசணிக்காய் உடைத்துப் பொங்கல் போட்டுவிடலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் எல்லோரும் கூடும்போது நான் எழுந்து நின்று, மாமிசம் உடம்புக்குத் தேவையே இல்லை என்று வைத்திய முறைப்படித் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். அதைத் துரையே சொன்னால் என்ன என்று பணிவாகக் கேட்டுப் பார்த்தேன். அவர் தமிழ் நன்றாகப் பேசுவார்.

"நான் சொன்னா கஞ்சத்தனம், கம்பவுண்டர். நீ சொன்னா வைத்தியம்."

அடுக்களைப் பரிசோதனை

தேவையில்லை என்று சொன்னால் லயத்தில் யார் முகத்திலும் முழிக்க முடியாது. தேவை என்று சொன்னால் துரை என்னைச் சேலத்துக்கு இறக்கிவிடுவார். வீட்டுக்காரியிடம் சொன்னேன். மூட்டை கட்டுவதென்றால் பித்தளைப் பாத்திரத்தை முதலில் கட்டுகிறேன் என்றாள். தீர்ப்புச் சொல்கிறவன் முதலில் விசாரிக்க வேண்டும் அல்லவா? மறுநாள் விடிந்ததும் மருந்துப் பையோடு கீழ் பங்களா அடுக்களைக்கே போய் உட்கார்ந்தேன்.

உள்ளதைச் சொல்கிறேன், நடிகர் வேஷம் போடவில்லை. அந்த அடுக்களையில் ஒரு கோழி இறகுகூட இல்லை. ஆனால் ஊற வைத்த பாதாம் பருப்பு அம்மியில் அரைபட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் குங்குமப்பூ போட்ட பால். பேரீச்சம்பழம் ஒரு டின், முந்திரி ஒரு டின், காஷ்மீரத்து ஆப்பிள் பழம் ஒரு பெட்டி. பருப்பில் நெய், சோற்றில் நெய், கீரையிலும் நெய். மண்ணில் முளைப்பது போதும் என்றாரே, பசுமாடு எந்த மண்ணில் முளைக்கிறது என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. இத்தனையையும் தலையில் சுமந்து கொண்டுவருகிற அவருடைய சமையற்காரர், விறகை ஊதிக்கொண்டே என்னிடம் மனம்விட்டுப் பேசினார்.

"இவுரு கறி தின்னுட்டிருந்த காலத்துல செலவு நொம்பக் கம்மிங்க."

எனக்குக் கண் திறந்தது.

தீர்ப்பு

ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் ஆபீஸான தஸ்தர் முன்னால் ஜனம் நெருக்கியடித்து நின்றது. விஷயம் முன்னமே கசிந்துவிட்டிருந்தது. பாவாயி என்னைப் பார்த்த பார்வையில், போன வருஷம் அவள் வீட்டில் நான் குடித்த மோரெல்லாம் புளித்துவிட்டது. துரைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு நடிகரையும் உட்கார வைத்திருந்தார்கள்.

நான் எழுந்தேன். ஐயா சொன்ன பத்தியம் அருமையானது, அதற்கு அவர் உடம்பே சாட்சி, அவரைப் போலச் சாப்பிடுகிறவர்களுக்கு மாமிசம் தேவையே இல்லை என்று சத்தமாகச் சொன்னேன். துரை தலையை ஆட்டினார். அதன் பிறகு, டாக்டர் மருந்துச் சீட்டை வாசிப்பது போலப் பத்தியத்தையும் சொன்னேன். விடிந்ததும் ஊறிய பாதாம், கூடவே குங்குமப்பூப் பால், நடுப்பகலில் நெய் விட்ட பருப்புச்சோறு, சாயங்காலம் பேரீச்சையும் காஷ்மீரத்துப் பழமும். இதை எஸ்டேட் ஆளுக்கு ஆள் தினப்படி கொடுத்துவந்தால், கிடாவை நிறுத்துவதில் வைத்திய முறைப்படி எனக்கு ஆட்சேபம் இல்லை என்று முடித்து உட்கார்ந்தேன்.

பாவாயிதான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எங்களுக்குச் சம்மதமுங்க தொரை. அல்லாரும் ஊட்டுக்குப் போயிப் பாலுக்குப் போசி எடுத்தாரட்டுங்களா?"

முதலில் சிரித்தது யார் தெரியுமா, நடிகர்தான். சால்வை நழுவி விழ, தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நாடகக் கம்பெனியில் சேர்ந்த புதிதில் தானும் பழைய சோற்று நீருக்கு வரிசையில் நின்றவன்தான், பாதாம் வந்த பிறகு அது மறந்தே போய்விட்டது என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். கிடா வெட்டட்டும், தொண்டையும் தேறிவிட்டது, பந்தியில் தானும் வந்து உட்கார்ந்து பாடுவதாகவும் சொன்னார். ஜனம் போட்ட சத்தத்தில் மரத்துக் குருவியெல்லாம் பறந்தது. துரை ரைட்டர் பக்கம் குனிந்து, பாதாம் என்ன விலை என்று விசாரித்தார். ரைட்டர் காதில் சொன்னார். துரை தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"உன் வைத்தியம் வேண்டாம், கம்பவுண்டர். ஆட்டை வெட்டு."

பந்தி

அன்றைக்குக் களத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நடிகர் சொன்ன சொல் தவறாமல் வந்து, எல்லோரோடும் தரையில் உட்கார்ந்தார். அவர் இலையில் சாமைச்சோறும் அவரைக்குழம்பும் மட்டும்தான். பக்கத்து இலையில் குழம்பு ஆறாக ஓடியும் அவர் கொள்கை இம்மி அசையவில்லை. எனக்கு அவர் மேல் நிஜமாகவே மரியாதை வந்தது. அவருக்கு அடுத்த இலையில் ரைட்டர் கறியைப் பார்ப்பதும் நடிகரைப் பார்ப்பதுமாகத் தவித்துக்கொண்டிருந்தார். நடிகரே கரண்டியை வாங்கி, கறியை அள்ளி அவர் இலையில் போட்டார். ரைட்டர் கண்ணில் தண்ணீர் வந்தது. காரம் என்றார்.

எச்சில் இலை எடுத்ததும் நடிகர் பாடினார். கொஞ்ச நாளாக அடைத்துக் கிடந்த குரல், எதிர் மலையில் மோதித் திரும்பியது. மாரிமுத்து அன்று மட்டும் ஒரு சொட்டுக் கள் இல்லாமலேயே ஆடினான். துரைகூடப் பங்களா வராந்தாவுக்கு வந்து நின்று கேட்டார். முதல் பாட்டு முடிந்ததும் பாவாயி வெற்றிலையை மடித்தபடி என் பக்கம் சாய்ந்து, தன் தீர்ப்பைச் சொன்னாள்.

"இப்பத்தானுங்க தெரியுது. வகுறு நெறையக் கறி தின்னுபோட்டுக் கேட்டா, இவுரு பாட்டு நொம்ப நல்லாருக்குதுங்க."

ஆகவே என் சக கம்பவுண்டர்களே, எவ்வளவு பெரிய மனிதர் சொன்ன பத்தியமானாலும் சரி, அதை யார் வாங்கித் தரப்போகிறார் என்று கேட்டுக்கொண்ட பிறகே நல்லது என்று தீர்ப்புச் சொல்லுங்கள்.